வெர்டெல் உடைத்த சுவர்

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துத் தென்முனையில் உள்ள டெஸ்டேல் மாளிகையின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அங்கே வாழ்ந்த பிரமுகர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஒரு நீதிபதி, ஒரு கப்பற்படைத் தளபதி, அப்புறம் ஒரு கவிஞர். கவிஞர் அங்கே வாழ்ந்தது மூன்றே நாள், அதுவும் வயிற்றுப்போக்கோடு. வெர்டெல் மேசிக் பிறந்ததிலிருந்து அறுபத்தொரு வருஷம் வாழ்ந்தாள். வாரம் இரண்டு தடவை அந்தத் தகட்டைத் தேய்த்துப் பளபளக்க வைத்ததும் அவள்தான்.

அவள் இருந்தது மாளிகைக்குள் இல்லை, கொல்லையில் இருந்த பழைய சமையல்கட்டில். செங்கல் கட்டடம், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டே அறை. அவளுடைய அம்மா ஹேகர் அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டதும் அங்கேதான், செத்ததும் அங்கேதான்.

“சாகுற வரைக்கும் அது உன் இடம், வெர்டெல்” என்று பெரிய எஜமானி மிஸ் கார்னீலியா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். காகிதத்தில் ஒரு தடவைகூட எழுதவில்லை. 1978 ஜனவரியில் அந்த அம்மாள் கண்ணை மூடினாள். அட்லாண்டாவிலிருந்து வந்த மருமகள் லெனோர், துக்க உடுப்பைக்கூட மாற்றாமல் கொல்லையைக் காலால் அளந்தாள்.

“இதை இடிச்சா ரெண்டு கார் தாராளமா நிறுத்தலாம். உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்கல்ல, வெர்டெல்?”

“எல்லாரும் கல்லறையில இருக்காங்க, மிஸ் லெனோர்.”

“அடடா” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் அளக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வெர்டெல் சர்ச்சுத் தோழி ஓலாவோடு உட்கார்ந்து இறால் உரித்தபடி அழுதாள். ஓலாவுக்கு அழுகையே பிடிக்காது.

“மூக்கைச் சிந்தாதடி, இறால்ல விழுந்துரப் போகுது. அந்தப் பழைய வீட்டுச் சங்கத்துக்காரனுங்க இருக்கானுங்கல்ல? பழசுன்னா உயிரையே விடுவானுங்க. அவனுங்க பழசுன்னு சொல்லிட்டா எவளும் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. உங்கிட்ட பழசா என்ன இருக்கு?”

“என்னைத் தவிரவா?” என்றாள் வெர்டெல். அப்போதுதான் அவளுக்கு அந்த அடுப்பு ஞாபகம் வந்தது.

சுவருக்குள்ளேயே குடைந்து ஆள் உயரத்துக்குக் கட்டிய பழைய அடுப்பு அது. இரும்பு அடுப்பு வாங்கிய வருஷம் அதைச் சுண்ணாம்பு பூசி மூடிவிட்டார்கள். ஏழு வயதில் பூச்சுக்குத் தண்ணீர் சுமந்தவள் அவள். இப்போது அந்தச் சுவரை ஒட்டித்தான் அவளுடைய கட்டில் கிடந்தது.

வசந்த காலத்தில் மாளிகைகளை ஊர் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் சோதனை பார்க்கச் சங்கத்திலிருந்து விட்லோ வந்தார். வெர்டெல் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். கட்டிலை நகர்த்தினாள், சுத்தியலை எடுத்தாள், போட்டாள் பாருங்கள் ஒரு போடு! பத்தாவது அடியில் சுவர் வாயைத் திறந்தது. உள்ளே பானை தொங்கவிடும் இரும்புக் கொக்கி கரியோடு அப்படியே நின்றது.

விட்லோ அந்தச் சுண்ணாம்புத் தூசியிலேயே மண்டி போட்டுவிட்டார்.

“கடவுளே! யாருமே கை வைக்கலையே!”

“அப்ப இதை இடிக்க மாட்டாங்கல்ல, ஐயா?”

“இடிக்கிறதா? இனிமே ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டோம்.”

அன்று அவள் தக்காளிச் சோறு சமைத்து, அதில் கொத்துக்கறி அடைத்த சாசேஜ் துண்டுகளை நிறையப் போட்டு, ஓலாவுக்கு இரண்டு தட்டு வைத்தாள். “லெனோர் மூஞ்சியை நீ பாக்கணுமே!” என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம்.

மூன்றாம் வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. லெனோர் அதைச் சாவகாசமாக, வாய்விட்டுப் படித்தாள். கட்டடத்தைப் பழைய நிலையிலேயே காக்க வேண்டும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கட்டில் முதலிய பிற்காலச் சேர்க்கைகளை முப்பது நாளில் அகற்ற வேண்டும். இனி யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது.

“பிற்காலச் சேர்க்கைன்னா யாருன்னு புரியுதா, வெர்டெல்?” லெனோருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “காரைத் தெருவுலயே நிறுத்திக்கிறேன். நான் ஒரு சுத்தியலைக்கூடத் தூக்கலை பாரு.”

வெர்டெல் விட்லோவிடம் ஓடினாள்.

“நான்தானே ஐயா உங்களுக்குக் காட்டினேன்?”

“மறப்பேனா? அதனாலதான் அடுத்த வருஷம் திறக்கும்போது நீ டிக்கெட் இல்லாம வந்து பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

போனாள். அடுத்த ஏப்ரலில், வடக்கே யாரோ வீட்டு அடித்தளத்தில் பிடித்த அறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அவள் கட்டில் இருந்த இடத்தில் ஒரு வைக்கோல் மெத்தையைப் போட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துக் குடைப்பாவாடை கட்டிய ஒரு பெண் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“நூறு வருஷத்துக்கு முந்தி நடந்த உள்நாட்டுப் போருக்கு அப்புறம் இங்க யாருமே குடியிருக்கலை. அதனாலதான் எல்லாம் இப்படியே இருக்கு.”

“நான் இருந்தேம்மா” என்றாள் வெர்டெல். “எங்கம்மா ஹேகர் இருந்தா. அதோ, அங்கதான் என் கட்டில் கிடந்துச்சு.”

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். மரியாதையாகச் சிரித்தாள்.

“இதுல அப்படி எதுவும் இல்லீங்களே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கயிறு மேல சாயறீங்க.”

வெளியே வரும்போது வாசல் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. வெர்டெலின் கை தன்பாட்டுக்குக் கைக்குட்டையை எடுத்து, நீதிபதியின் பெயரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. “சனியனே!” என்று அவள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தி, இடது கையால் வலது கையை ஓங்கி அடித்தாள். சுத்தியலைப் பிடித்த கை அதுதான்.