அவரைத் தவிர யாரும் திறக்க முடியாத பூட்டு

இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்துக் கிளறவிட்டு, இறக்கப்போகும் நிமிஷத்தில் "உப்பு இல்லை, மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி" என்று சொல்லும் தொழில் ஒன்று உண்டென்றால், அது சோர்ஸ் கோடு என்கிற மூல வரிகளிலிருந்து புரோகிராம் கட்டும் தொழில்தான். அந்த அடுப்படியில் வெந்த சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் டோல்கேட் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே நான் ஒருத்தியாக நடத்திய கடை. பழைய கம்ப்யூட்டர்களில் இலவச லினக்ஸ் போட்டுக் கொடுப்பேன். கூடவே ஒரு பாஸ்வேர்டு பூட்டும். ஆபீஸின் எல்லா பாஸ்வேர்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, ஒரே ஒரு சாவிச் சொல்லால் பூட்டிவிடும் புரோகிராம். பழைய மிஷின்களுக்கு அது ரெடிமேடாகக் கிடைக்காது. பிரவுசிங் சென்டரில் சோர்ஸ் கோடை இறக்கி, சிடியில் எடுத்துப்போய், அந்தந்த மிஷினில் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

உள்ளே யாரு?

ராயபுரத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸ். டைப்ரைட்டரில் முப்பது வருஷம் தட்டிய ஸ்டெல்லாம்மாவுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். நான் கட்டும் வேலையை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் வரி வரியாக இங்கிலீஷ் மேலே ஏறத் தொடங்கியது. "கொஞ்ச நேரம் ஆவும்மா, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஸ்டெல்லாம்மா நாற்காலியில் இல்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கீபோர்டின் மேல் டைப்ரைட்டருக்குப் போடும் துணி மூடியிருந்தது. கையில் ஷார்ட்ஹேண்டு நோட்டு. திரையில் ஓடிய வரிகளிலிருந்து கண்ணில் பட்ட சொற்களைக் குறித்து வைத்திருந்தார்: குழந்தை, பெற்றவர், கொல், அநாதை, மறுபடி கொல். ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கினால் அதைக் குழந்தை என்றும், நிறுத்தினால் கொல்வது என்றும் எழுதுவது எங்கள் வழக்கம் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நோட்டை மூடவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் அதிகம்.

"உள்ள யாரோ ஒருத்தி வாக்குமூலம் குடுத்துகினு கீறா, நீ இன்னாடான்னா டீ குடிக்கப் போற."

சாவிச் சொல்

காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கும் கடை. முதலாளி தேசப்பன் அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே மூன்று தடவை எரர் வந்து, நாலாவது தடவை காலை பத்து மணிக்குப் பூட்டு கட்டி முடிந்தது. "எப்பவும் மறக்காத பேரா ஒண்ணு சாவியா போடுங்கண்ணே. நான் திரும்பிக்கறேன்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். ஒரு படகின் பெயர். அதில் அவருடைய தம்பிகள் இரண்டு பேர் போனார்கள். படகும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. அது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு வந்திருந்த ஆட்கள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாவியை இப்படி ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லக்கூடாது, மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடியுங்கள் என்றேன். அவர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா சொன்னா அவனுங்களுக்கு எப்டிம்மா கேக்கும்?"

நேத்துகூட மெயில் போட்டாரே

திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் தர்மலிங்கம் ஸ்டோர் கிளார்க். அவருடைய மிஷினிலும் நான்தான் பூட்டு கட்டினேன். ஒரே மகன் சரவணன் சரக்குக் கப்பலில் வேலை. தினம் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு மெயில் போடுவதுதான் தர்மலிங்கத்தின் பெரிய சந்தோஷம். அந்த மெயில் பாஸ்வேர்டையும் பெட்டிக்குள் வைத்தார். "இத உங்களத் தவிர யாராலயும் தொறக்க முடியாது சார், என்னாலயும் முடியாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் அவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இருபது நாள் கழித்து அவர் மனைவி கோமதி என் கடைக்கு வந்தார். உச்சி வெயிலில் நடந்தே வந்திருந்தார். சரவணனுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை யார்டில் தர்மலிங்கத்தின் நண்பர் எட்டியப்பன் ஏற்றுக்கொண்டிருந்தாராம். "சொல்லியாச்சும்மா" என்றும் சொல்லியிருந்தாராம். ஆனால் அன்று காலை கப்பல் போனில் மகன் ஒரே ஒரு நிமிஷம் பேசினான். அழவில்லை. அப்பா எங்கே என்று கேட்டான். இவர் வாய் திறப்பதற்குள், "வேலைக்குப் பூட்டாரா? நேத்துகூட மெயில் போட்டாரே" என்றான். லைன் போய்விட்டது.

நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"அவரத் தவிர யாராலயும் தொறக்க முடியாதுன்னு சொன்னியாமே, அப்ப தொறந்தது யாரும்மா?"

அவருடைய கண்ணாடி

மறுநாள் இரண்டு பேரும் யார்டுக்குப் போனோம். தர்மலிங்கம் இருந்த அறையில் வேறு ஆள் போடவில்லை. மேஜையில் கரித்தூள் படிந்திருந்தது. கீபோர்டில் மட்டும் இல்லை. பாஸ்வேர்டுப் பெட்டி கடைசியாகத் திறக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். முந்தின நாள் பகல் ஒன்றே கால். பைல் அலமாரிக்குப் பின்னால் இரண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். வெளியே கன்டெய்னர் இறக்கும் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது. யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. காதிலிருந்து பின்னங்கழுத்துக்கு ஓடிய கறுப்புக் கயிறு தெரிந்தது. கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவரு கண்ணாடி. நான் கட்டிவுட்ட கவுறு" என்று முணுமுணுத்தார். ஒற்றை விரலில் தட்டும் சத்தம் கேட்டது. நான் கட்டிய பூட்டு திறந்துகொண்டது.

அந்த ஆள் எட்டியப்பன். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் தர்மலிங்கம்தான் கண்ணாடியையும் சாவிச் சொல்லையும் அவரிடம் கொடுத்திருக்கிறார். "பையன் நடுக்கடல்ல கீறான். அங்க இத்த கேட்டுட்டு இன்னா பண்ணுவான்? கரையில எறங்கறவரைக்கும் நான் கீறேன்னே இருக்கட்டும்டா" என்றாராம். எட்டியப்பனுக்குச் சொந்தமாக எழுத வரவில்லை. அதனால் தர்மலிங்கம் எப்போதோ அனுப்பிய பழைய மெயில்களையே தேடி எடுத்து, பார்த்துப் பார்த்து மறுபடி அடித்து அனுப்பியிருக்கிறார். 'மழை பெய்யுது. குடை எடுத்துகினு போறேன்' என்று, சித்திரை வெயிலில்.

கோமதி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரையில் இருந்த கடிதத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்து, எட்டியப்பனிடமே திருப்பிக் கொடுத்தார். இன்னும் பன்னிரண்டு நாளில் கப்பல் கொழும்புக்கு வந்துவிடும் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் தினம் ஒரு கடிதம் போனது. சரவணன் ஒன்றுக்குக்கூடப் பதில் போடாமல் இருக்கவில்லை.

சரவணன் கொழும்பில் கரை இறங்கியதும் எட்டியப்பன் போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்கு வந்து காரியமெல்லாம் முடித்த பிறகு சரவணன் என் கடைக்கு வந்தான். அப்பாவின் மெயில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னான். எது அவர் எழுதியது, எது அவருக்குப் பிறகு வந்தது என்று தனியாகப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தான். தாள்களை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்.

"பழைய லெட்டரே திரும்பி வந்த அன்னிக்கே தெரிஞ்சிபோச்சுக்கா. அம்மாவயும் போன்ல சொல்ல வுடல. பதில் போடாம வுட்டா அன்னியோட அவரு செத்துடுவாருன்னுதான் போட்டுகினே இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் நான் கற்றது, எரர் வந்தால் படித்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம், ஒரு எரரும் வராமல் ஒழுங்காக ஓடுகிற மிஷினைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்பது மட்டும்தான்.