ஒன்பதாம் நம்பர் மீட்டர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. லிங்கராஜபுரம் சோஃபியாவுக்கு நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற பெண் அவள். இப்போது சிரிப்பதில்லை.

போன வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பீன்யா தொழிற்பேட்டையில், பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களைச் சூட்டில் காயவைக்கும் ஒரு கம்பெனி. அங்கே ஓர் அறை அளவுக்குப் பெரிய ஓவன். சூட்டைக் காட்ட, ஓவனுக்குள் நீளும் ஆளுக்கொரு சென்சாரோடு எட்டு மீட்டர்கள். அவற்றுக்குக் கரண்ட் தனி. மீட்டர்களைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவரை அமைப்பது சோஃபியாவின் வேலை. டிரைவர் என்பது ஒரு சாஃப்ட்வேர். நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, சூடு எவ்வளவு என்று கேட்கும். மீட்டர் பதில் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

கூட வந்த ஃபிட்டர் ரகுராமுக்கு அந்தக் கம்பெனி புதுசு. எட்டு சென்சார்களையும் கழற்றி வெளியே மேஜைமேல் வைத்துவிட்டு, அவை இருந்த துளைகளைச் சுத்தம் செய்ய ஓவனுக்குள் போனான். உள்ளே போகிறவன் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியோடுதான் போகவேண்டும். அன்று மாட்டவில்லை. பூட்டு, ஸ்பேனர், டார்ச் எல்லாவற்றையும் கழுவிக் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“அஞ்சு நிமிஷ வேலை மேடம். மெயின் ஆஃப்லதான இருக்கு.”

மணி மாலை 4:52. மீட்டர்களைத் தேடும்படி சோஃபியா டிரைவருக்கு உத்தரவு கொடுத்தாள். எட்டும் பதில் சொல்லின. எல்லாமே 26 டிகிரி.

பிறகு... ஒன்பதாம் நம்பரும் பதில் சொன்னது.

37.

இல்லாத மீட்டர். பட்டியலிலிருந்து அதை அழித்தாள். மறுபடி வந்தது. 39.

எழுந்து போய் மீட்டர்களை எண்ணினாள். எட்டுதான். ஒன்பதாவது இருந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள்.

4:57. 48.

எங்கேயோ ஃபேன் சுற்றும் சத்தம். ம்ம்ம்ம்...

டொக்.

டொக்... டொக்.

மேஜையைப் பார்த்தாள். எட்டு சென்சார்களும் வெளியே கிடந்தன. உள்ளே நெருப்பே எரிந்தாலும் அவை 26 என்றுதான் சொல்லும்!

ஓடினாள். திறந்து கிடந்த ஓவன் கதவு இப்போது சாத்தியிருந்தது. சுவிட்ச் போர்டு அருகே, சீரியல் லைட்டும் கையுமாக சூப்பர்வைசர் ராஜேஷ்குமார்.

“சார், மெயினை ஆஃப் பண்ணுங்க! பேகா... சீக்கிரம்!”

“ஐயோ... லைட் சுவிட்ச்னு நெனச்சு இதைப் போட்டுட்டேனே!”

கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. ரகுராம் அவள் காலடியில் வந்து விழுந்தான். உயிர் இருந்தது. சோஃபியா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அவன் வெளியே குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டிருந்தபோது, அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். மெயின் ஆஃப். கதவு திறந்திருந்தது. ஆனாலும் ஒன்பது ஏறிக்கொண்டே போனது.

110... 150... 180.

அங்கே நின்றது.

ராஜேஷ்குமார் குனிந்து திரையைப் பார்த்தார்.

“ஒன்பதா? அதைக் கழட்டி மூணு வருஷம் ஆச்சும்மா. இதே மாதிரி பூஜைக்கு முந்தின நாள்... க்ளீன் பண்ண உள்ள போனார், ஆதிகேசவன்னு ஒரு பெரியவர். பூட்டு மாட்டல. அவர் செத்துக் கிடந்த இடத்து மீட்டர் அது. அன்னைக்கும் 180-லதான் நின்னுச்சு.”

சோஃபியா சிலுவை போட்டுக்கொண்டாள். புண்ணியவான், தனக்கு நேர்ந்தது இன்னொருவனுக்கு நேராமல் காப்பாற்றினாரே என்று மனசு நிறைந்துபோனது.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கை நிறுத்திவிட்டு ரகுராம் கேட்டான்.

“மேடம், அந்தப் பெரியவரு வெளிய வந்துட்டாரா?”

“எந்தப் பெரியவர்?”

“உள்ள எனக்கு டார்ச் பிடிச்சாரே, அவருதான். நீங்க அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்.”

சோஃபியா பைக்கிலிருந்து இறங்கினாள்.

“வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னு, அவருதான் மேடம் கதவைச் சாத்துனாரு.”