மணலுக்கு இறக்கிய காற்று

இரண்டு இரும்பு உருளைகளின்மேல் பின்சக்கரங்கள் ஏறி நிற்க, நாற்புறமும் சங்கிலிகளால் பிணைக்கப்பட்ட ஒரு பழைய மீன் வேன், நின்ற இடத்தைவிட்டு நகராமலே நெடுஞ்சாலை வேகத்தில் ஓடியது. அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் அதன் எதிரே கைகட்டி நின்ற என் அண்ணியையும் சேர்த்தே நினைக்கிறேன். அண்ணி என்று நான் சொல்வது என் மனைவியின் தமக்கையை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவருடைய ஊரான கோட்டைக்குப்பத்தில் அவரைப் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. அவருடைய வேன் பறந்தது என்பார்கள். எஞ்சினின் திறன் இரட்டிப்பானது என்பார்கள். சொல்லச்சொல்ல வளரும் கதைகளுக்கு நடுவே, அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நானும் ஒன்றைக் கூட்டிச் சொல்வது முறையன்று. ஆகவே கண்ணால் கண்டதையும், கையால் தொட்டதையும், உடனிருந்தவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். குதிரைத்திறன் எண்கள் இக்குறிப்பில் இரா. அவற்றை அச்சிட்ட தாள்கள் இன்று என்னிடம் இல்லை. நினைவை நம்பி எண் எழுதக் கூடாது. எது கூடிற்று, எது குறைந்தது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

வடசென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் டைனமோமீட்டர் அறை அந்நாளில் என் பொறுப்பில் இருந்தது. வண்டியின் சக்கரம் உருளையைச் சுழற்றும். உருளை சுழல மறுத்து எதிர்க்கும். அந்த எதிர்ப்பை வென்று சக்கரம் எவ்வளவு இழுக்கிறது என்பதை எந்திரம் கணக்கிட்டு வளைகோடாக வரைந்து தரும். எஞ்சினில் செய்த மாற்றம் பயன் தந்ததா என்பதற்கு ஓட்டுபவரின் காது சான்றாகாது. மாற்றத்துக்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் சான்று.

அண்ணி இறால் வாங்கிச் சென்னைச் சந்தைக்குக் கொண்டுசெல்பவர். ஓட்டுநர் வராத நாட்களில் சரக்கு கெடுவதைப் பொறுக்காமல் தாமே ஓட்டக் கற்றுக்கொண்டவர். பழவேற்காட்டு ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறைவைக்கும் வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பத்தார் அதையே வேன்களுக்கும் விரித்திருந்தார்கள். கரைக்கு வரும் இறாலை முதலில் ஏற்றும் உரிமை இன்று ஒரு வேனுக்கு, நாளை அடுத்ததற்கு. அண்ணியின் வேன் எல்லாவற்றிலும் பழையது. முதலில் ஏற்றிப் புறப்பட்டாலும் பின்னால் வந்தவை முந்திவிடும். ஐஸ் கரைந்து, இறாலின் தலை கறுத்து, விலை விழுந்த பிறகே அது சந்தையை அடையும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார்கள். வேனின் இழுவை கூடிற்று என்று காட்டினாலன்றி அவருடைய பாடு வேறொருவருக்குப் போய்விடும் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். பாடு போனால் அண்ணிக்குத் தொழில் இல்லை.

எப்படிக் காட்டுவது என்று கேட்டுத்தான் அவர் என்னிடம் வந்தார். முதலில், மாற்றம் எதுவும் செய்யாத நிலையில், பொன்னேரி மெக்கானிக்கின் பட்டறையிலிருந்து நேராக வேனைக் கொண்டுவரச் செய்து அளந்தோம். உருளைமேல் வேன் சீறுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா தம்பி இது, இம்மாந்தூரம் ஓடியும் ஒரு ஊரும் வரமாட்டேங்குது" என்றார். அவர் குரலில் கேலி பாதி, அச்சம் பாதி இருந்தது. அதன்பின் மெக்கானிக் டீசல் பம்பைத் திருத்தினார், காற்றிழுக்கும் குழாயை அகலமாக்கினார், சைலன்சரை மாற்றினார். வேனின் ஓசை கனத்தது. டச்சுக் கல்லறை மதிலருகே வேன் திரும்பும்போதே கடைத்தெரு முழுதும் அடையாளம் கண்டுகொண்டது. ஓசையைக் கேட்டே பாதி ஊர் நம்பிவிட்டது. தலைவர் நம்பவில்லை.

இரண்டாம் முறை, சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, மெக்கானிக்கையும் வரச்சொல்லி, அண்ணியே வேனை ஓட்டி வந்தார். என் உடன்பணியாளர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எண்ணெய், தண்ணீர், டயரில் காற்று. காற்றைக் காலையிலேயே தம் கையால் சரிபார்த்துவிட்டதாக அண்ணி சொன்னார். அது உண்மை. வேன் ஓடியது. புதிய கோடு பழைய கோட்டுக்குக் கீழே கிடந்தது. மறுபடி ஓட்டினோம், மறுபடியும் கீழேதான். மெக்கானிக்கின் முகம் வெளிறியது. எந்திரத்தில்தான் கோளாறு என்றார்.

"சத்தத்த கேளுக்கா. அது பொய்யா சொல்லுது?"

"சத்தம் போடறவன்லாம் இழுப்பான்னா எங்க வூட்டுக்காரு ரயிலையே இழுத்திருப்பாரு" என்றார் அண்ணி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "கொறஞ்சுதுனா கொறஞ்சுதுனே எழுதிக் குடுங்க தம்பி. பாடு போனா போவுது."

சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தேன். ரப்பர் காய்ந்த மணம் வந்தது. பின் டயரில் வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. அழுத்தமானியை வைத்துப் பார்த்தால், சாலையில் ஓடும் வேனுக்கு இருக்கவேண்டிய காற்றில் பெரும்பகுதி இல்லை. எல்லா டயர்களிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தது என்பதுதான் வியப்பு. அண்ணியைக் கேட்டேன். அவர் என்னைத்தான் வியப்போடு பார்த்தார்.

"மணலுக்கு இன்னா காத்து வேணுமோ அதான கீது. எல்லாத்துலயும் ஒண்ணா வச்சிருக்கேன்."

இறால் வந்திறங்கும் கரை முழுவதும் பொடிமணல். காற்று நிறைந்த டயர் அதில் புதைந்துவிடும். இறக்கிய டயர் அகன்று மிதந்து போகும். ஆகவே அவ்வூரில் எல்லா வேன்களும் காற்றை இறக்கியே ஓடின. நாளை மறுபடி மணலில் இறங்கவேண்டியவர்கள் தார்ச்சாலை வந்ததும் காற்றை ஏற்றுவதில்லை. சரியான காற்று என்றால் அவர்களுக்கு மணலுக்குச் சரியான காற்று. முதல்முறை வேன் பட்டறையிலிருந்து வந்ததால் அதில் சாலைக்குரிய காற்று இருந்தது. இப்போதோ ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்ந்து, எஞ்சின் தந்ததைச் சூடாக்கித் தின்றிருக்கிறது.

டயர்கள் ஆறக் காத்திருந்து, காற்றேற்றி, மூன்றாம் முறை ஓட்டினோம். கோடு எழுந்தது; முதற்கோட்டைத் தாண்டி, தொடக்கம் முதல் இறுதிவரை அதற்கு மேலேயே சென்றது. மெக்கானிக் வேனின் பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். நான் அந்த மூன்று கோடுகளையும் பார்த்தபடி நின்றேன். ஒரு மனிதர் பல நாள் பாடுபட்டு எஞ்சினில் கூட்டியது, மேற்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட சிறு வெளி. டயரில் குறைந்த காற்று பறித்ததோ, மேற்கோட்டிலிருந்து அடிக்கோடு வரை. எத்தனையோ வண்டிகளை அளந்த எனக்கு, அந்த வெறுங்காற்றின் முன் மெய்சிலிர்த்தது.

முதல் தாளும் மூன்றாம் தாளும் போதும், அவற்றில் பொய் ஏதுமில்லை என்று மெக்கானிக் சொன்னார். நானும் மறுக்கவில்லை. அண்ணி மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஊர்க்கூட்டத்தில் கோடுகளை விளக்கிச் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். எஞ்சினின் இழுவை கூடியிருக்கிறது என்றேன். அதுவே போதுமானது. தலைவர் அடியில் கிடந்த கோட்டின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். நான் வாய்திறக்குமுன் அண்ணி சொன்னார்.

"அது நம்மூரு காத்து. உங்க வண்டிங்க எல்லாம் அப்டிதான் ஓடுது. ரோட்டுக்கு வந்ததும் காத்து ஏத்துங்க, எல்லாம் வெரசா போவும்."

வேன் வைத்திருந்த ஒருவர் சிரித்தார். "இத்த சொல்லாம இருந்தா எங்கள முந்தி இருப்பியேக்கா. பொழைக்கத் தெரியாத ஆளா கீறியே."

"யாரு வண்டில தல கறுத்தாலும் புடிச்சவளுக்குத்தானடா கை வலிக்கும்" என்றார் அண்ணி.

முறையிட்ட பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். பாடு அண்ணிக்கே என்று தலைவர் சொன்னபோது, அவர் தாள்களை மடித்து என்னிடம் நீட்டினார். பார்வை மட்டும் அந்தப் பெண்கள் பக்கம் இருந்தது. நான் கண்ட பெரிய அளவு எதுவென்று யாராவது கேட்டால் அந்த நொடியைத்தான் சொல்வேன். அதை அளக்க என்னிடம் எந்திரம் இருக்கவில்லை.

இன்று மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் காற்றேற்றும் கடை இருக்கிறது. கரையிலிருந்து வரும் ஒவ்வொரு வேனும் அங்கே நின்று போகிறது. மற்ற வேன்களும் விரைந்துவிட்டதால் அண்ணியின் வேன் ஓடிய காலம்வரை கடைசியாகத்தான் சந்தைக்கு வந்தது. ஆனால் அது கொண்டுவந்த கூடைகளைப் பல நாட்கள் நானே திறந்து பார்த்திருக்கிறேன். இறாலின் தலை கறுக்கவில்லை.

தெரியாதது ஒன்று உண்டு. பழைய எஞ்சினோடு, டயரில் காற்றை மட்டும் ஏற்றி, அந்த வேனைச் சரக்கோடு சந்தைக்கு ஓட்டிப் பார்த்தவர் யாருமில்லை. எஞ்சினைத் தொடாமலே அண்ணியின் பாடு நிலைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.