வெட்ட மறுத்த ஏழாம் தொகுதி

கண்ணாடி அக்கா என்றால் அந்த ஆய்வகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பன்னிரண்டு வருடம் குடுவை கழுவியதால் வந்த பெயர் அது. இப்போது கழுவுவதில்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து, அதை உடைத்து, ஜெல்சோலின் என்ற மனிதப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறாள். வேலை மாறியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஆக்டின் என்ற நூல்கள் சாரம் கட்டினாற்போல நிற்கின்றன. உயிரணு வடிவம் மாற, நகர, அந்த நூல்களை அங்கங்கே வெட்டிக் கட்ட வேண்டும். வெட்டுகிற கத்தரி ஜெல்சோலின். கால்சியம் கிடைத்தால்தான் கத்தரி வாயைத் திறக்கும். இதையெல்லாம் அக்கா ஒரு மணி நேரம் விளக்கியபோது, பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "அப்ப கால்சியம்தான் சாவின்னு சொல்லிட்டுப் போயேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவளுக்கு அன்றைக்குக் கோபமான கோபம்.

இப்படிப் பிரித்தெடுத்ததில் ஆறு தொகுதி நன்றாக வந்தது. ஏழாவதுதான் காலை வாரியது. உருப்பெருக்கியில் பார்க்கிற தம்பி மூன்று முறை சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நூல் அப்படியே கிடக்குக்கா. ஒண்ணுகூட அறுபடலை."

ஆய்வகத் தலைவி சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. சரியா வரலைன்னா வெளியில வாங்கிக்கறோம். உங்களுக்குக் கழுவற ரூம்ல எப்பவும் இடம் இருக்கு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அக்காவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. திரும்பவும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமா? முடியவே முடியாது!

புரதம் கெட்டுப்போகவில்லை என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அளவு சரி, சுத்தம் சரி, துண்டு துண்டாக உடையவும் இல்லை. பின்னே ஏன் வெட்ட மாட்டேனென்கிறது? வியாழன் முழுக்கத் தேடியும் விடை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கணவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். "சாவி போட்டுத்தானே பாக்கறீங்க?"

"பின்ன? எப்பவும் போடற அளவு கால்சியம்தான்."

"போட்ட சாவியை எவனாவது உருவிட்டுப் போறானா பாரு. எங்க டிப்போவுல அதுதான் நடக்குது."

அக்கா வாயில் வைத்த காபியோடு அப்படியே நின்றுவிட்டாள். உருவுகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியும்.

ஆய்வகத்துக்குப் போனதும் முதலில் எட்டாம் தொகுதி வேலை ஒன்றை முடித்தாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆறாம் தொகுதி குளிர்பெட்டியில் இருக்கும்போதே கொஞ்சம் உடைந்துபோனது என்று, புரதத்தைத் தின்னும் நொதிகளை அடக்க, கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் மருந்தை ஏழாவதில் பத்து மடங்கு கூட்டியிருந்தாள். கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றப் போய், கத்தரியின் வாயைத் தானே கட்டிப்போட்டிருக்கிறாள். தம்பி போட்ட கால்சியத்தையெல்லாம் அந்த மருந்து விழுங்கிவிட்டது.

யாருக்கும் தெரியாமல் சோதனைக் குழாயில் கால்சியத்தைக் கூட்டிவிட்டால் கதை முடிந்தது. பெயரும் கெடாது. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரே ஒரு நிமிஷம்தான். நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவியின் அறைக்குப் போனாள்.

"தப்பு என்னோடது, மேடம். மருந்தைப் பத்து மடங்கு போட்டிருக்கேன். ஆனா புரதம் உயிரோட இருக்கு. மருந்து விழுங்கினதுக்கு மேல கால்சியம் போட்டு ஒரே ஒரு தடவை பாக்கலாம்."

தலைவி நோட்டைப் படித்தார். எழுந்து உருப்பெருக்கி அறைக்கு நடந்தார்.

தம்பி கண்ணாடித் தகட்டை வைத்தான். திரையில் பச்சை நூல்கள் நீளநீளமாகக் கிடந்தன. புரதமும் கால்சியமும் உள்ளே போயின.

ஒரு நூல் நடுவில் அறுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

"அக்கா, வெட்டுது! கண்டபடி வெட்டுதுக்கா!" என்று கத்தினான் தம்பி. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

தலைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். "மருந்தைக் குறைச்சு எட்டாவது எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"காலையிலேயே பாக்டீரியாவை ஊத்தி வளர விட்டாச்சு, மேடம்."

"இந்தச் சோதனைக்கு முன்னாடியேவா? இது வெட்டாம போயிருந்தா?"

"வெட்டாம போயிருந்தா எட்டாவது இன்னும் அவசரமா வேணுமே, மேடம்" என்றாள் அக்கா.