மனேச்சரை மறித்த மனு

தம்பியின் மகள் கிளிநொச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். கிழமை நாட்களில் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி கேட்டு வாடிக்கையாளரின் உயிரை வாங்குவாள். சனி ஞாயிறில் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்காகத் தன் உயிரைக் கொடுப்பாள். சென்ற மாதம் அந்தக் கழகத்தின் முகாமையாளர் வேறொரு கழகத்துக்குப் போகப்போகிறார் என்று ஒரு கதை கிளம்பியது. இரண்டு நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “மாமி, நாங்கள் மனுப் போட்டிருக்கிறம், அந்தாளைப் போகவிடமாட்டம்” என்றாள். இணையத்தில் உலகம் முழுவதிலுமிருந்து கையெழுத்து விழுகிறதாம். யாருக்கு முகவரியிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். பிரதிகள் யார் யாருக்கு என்று கேட்டேன். அதுவும் இல்லை. முப்பத்துநான்கு வருடம் அரச கந்தோர்களில் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள் நான். முகவரியும் பிரதியும் இல்லாத மனுவால் ஒருவருக்கும் கெடுதல் வராது என்று அவளைத் தேற்றினேன். அவள் என்னை முறைத்துவிட்டுப் போனாள். நான் அனுபவத்தில் சொன்னேன்.

பதினொரு வயதில் நான் எழுதிய மனுவுக்குப் பதினொரு பிரதிகள் இருந்தன.

அப்போது நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். குடாநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் குளத்தின் கீழ் வயற்காணி அளந்து கொடுத்தபோது, எந்தத் துண்டிலும் அடங்காமல் மிஞ்சிய ஒரு நிலம் எங்கள் மைதானமாயிற்று. பகலில் மாடுகளுக்கும் பின்னேரத்தில் கழகத்துக்கும் அது சொந்தம். கழகத்தின் முகாமையாளர், ஊர்வாயில் ‘மனேச்சர்’, என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. கலியாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். பக்கத்தில் ஒரு அரச கந்தோரில் இலிகிதர். எந்தக் கந்தோர் என்று சொல்லப்போவதில்லை. பொறுப்பதிகாரி, சித்தப்பா, ஒரு சிற்றூழியர் ஆக மூன்று பேர் கொண்ட சின்னக் கந்தோர்.

முகாமையாளர் என்றால் அந்த நாளில் எல்லாமும்தான். ஆட்களைத் தெரிவுசெய்வதும் அவர், பந்து தைப்பதும் அவர், கோடு போடச் சுண்ணாம்பு சுமப்பதும் அவர், மத்தியஸ்தரோடு சண்டை பிடிப்பதும் அவர். பந்துக்குக் காற்றடிக்கும் உரிமையை எனக்குத் தந்திருந்தார். பெண்பிள்ளைகள் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். நான் கத்தினேன். நான் காற்றடித்த பந்து உள்ளே ஓடும்போது நானும் உள்ளே ஓடுவதாகவே எனக்குத் தோன்றும்.

எங்கள் பரம எதிரி முள்ளியவளைப் பக்கத்துக் கழகம் ஒன்று. முந்திய வருடம் இறுதியாட்டத்தில் எங்களை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்று, போதாக்குறைக்குத் திரும்பிப் போகும் வழியில் சாப்பிட ஏதும் வேண்டுமா என்று விசாரித்தும் அனுப்பியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழகத்து ஆள் ஒருவரும் சித்தப்பாவும் தேத்தண்ணிக் கடை மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைச் சிலர் கண்டார்கள். கண்டதோடு விட்டிருக்கலாம். தேத்தண்ணியை வாங்கிக் கொடுத்தவர் அந்த முள்ளியவளைக்காரர் என்பதுதான் ஊரைக் கலக்கியது. மனேச்சர் அவர்களுடைய கழகத்துக்குப் போகப்போகிறார் என்று கதை கிளம்பியது.

சித்தப்பா மறுத்தார். அந்த மனிதர் அக்கராயனில் ஓர் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர், பஸ் பிந்திவிட்டது, தேத்தண்ணி குடித்தோம், அவ்வளவுதான் என்றார். இந்த விளக்கம் அளவுக்கு மிஞ்சிச் சாதாரணமாக இருந்ததால் ஒருவரும் நம்பவில்லை. இடமாற்றக் கடிதம் கைக்கு வரும்வரை எந்த உத்தியோகத்தனும் ஒத்துக்கொள்ளமாட்டான் என்றார் கழகத் தலைவர். அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். உத்தியோகத்தர்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர், அதாவது அவர்களுடைய சைக்கிள்களைப் பற்றி. அந்தக் கிழமையே சித்தப்பா தலைமயிர் வெட்டிக்கொண்டதும் புதுச் செருப்பு வாங்கியதும் சாட்சியங்களாகச் சேர்ந்தன.

ஊர் தன்னால் இயன்ற எல்லா வழியிலும் எதிர்த்தது. ஞாயிறு தோறும் விடியமுன் அவருடைய சைக்கிளின் இரண்டு சில்லிலும் காற்றுப் போயிருக்கும். அவ்வளவு தூரத்து முள்ளியவளைக்கு யாரும் சைக்கிளில் போவதில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் இனிமேல் மனேச்சரின் தேத்தண்ணிக்கு ஒருவரும் காசு கொடுக்கக் கூடாது, அவருக்குக் கடை சும்மா கொடுக்கும் என்று அறிவித்தார். வீட்டில் அம்மா மீனின் நடுத்துண்டை அப்பாவுக்கு வைக்காமல் சித்தப்பாவுக்கு வைக்கத் தொடங்கினார். அப்பா வால்துண்டோடு சோற்றைப் பிசைந்தார். அவரும் கழகத்தின் ஆயுட்கால அங்கத்தவர்.

அவர் போனால் ஊருக்கு முகாமையாளர் இல்லாமல் போவார். எனக்குச் சித்தப்பா இல்லாமல் போவார். எனவே நான் ஊரையும்விடக் கொதித்தேன்.

வாசிகசாலையில் அவசரப் பொதுக்கூட்டம் நடந்தது. சித்தப்பா வரவில்லை, தன்னைப் பற்றிய விடயத்தில் தான் இருப்பது முறையல்ல என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் முறை தெரிந்திருந்த ஒரே மனிதர் அங்கே இல்லாதவர்தான். மனேச்சர் போனால் மைதானத்தை உழுது எள்ளு விதைப்போம் என்று தலைவர் முழங்கினார். மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு மனு எழுதுவதென்று தீர்மானமாயிற்று.

நியாயப்படி அந்த மனு உதைபந்தாட்டச் சங்கத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர் அதுவரை அரசாங்கத்துக்கு மட்டுமே மனு எழுதியிருந்தது. மதகுக்கு எழுதியது, மருத்துவிச்சிக்கு எழுதியது, பஸ்ஸுக்கு எழுதியது. இரண்டு வருடத்துக்கு முன் கணித வாத்தியாரின் இடமாற்றத்தை மனு எழுதியே நிறுத்தியிருந்தார்கள். வென்ற மனுவை யார் மாற்றுவார்கள்? அதே மனுவை எடுத்து, ‘கணித ஆசிரியர்’ என்று வந்த இடமெல்லாம் ‘முகாமையாளர்’ என்று போடுவதெனவும், பிரதிகள் போன இடங்களை அப்படியே வைத்துக்கொள்வதெனவும் ஏகமனதாக முடிவாயிற்று. பிரதிப் பட்டியலில் வாத்தியாரின் மேலதிகாரி என்று இருந்த இடத்தில் சித்தப்பாவின் பொறுப்பதிகாரி வந்தார். அதிலும் தவறு இருப்பதாக ஒருவருக்கும் படவில்லை. அங்கிருந்தவர்களில் ஒருவரும் கந்தோரில் வேலை செய்தவரல்லர்.

ஏகமனதாக என்றேன். ஒருவர் மட்டும் எழும்பினார். எங்கள் கோல்காப்பாளரின் தகப்பன், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு குடியேறியவர். தோட்டத்தில் காகிதம் ஒன்று வந்தால் அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று நடுங்கிப் பழகியவர்.

“அவரு நல்லா இருக்கணும்னா அவரு பேரை ஏங்க காயிதத்துல ஏத்துறீங்க? கந்தோர் தொரைக்கு இது வரைக்கும் இவரு யாருன்னே தெரியாம இருந்திருக்கும்.”

தீர்மானம் நிறைவேறிய பின் விவாதத்துக்கு இடமில்லை என்று தலைவர் அவரை இருத்தினார். அவரும் இருந்தார், பின்னர் கையெழுத்தும் வைத்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எழும்பி நிற்கத் தோன்றும்.

ஊரில் வடிவான கையெழுத்து என்னுடையது. பன்னிரண்டு தரம் எழுதினேன், மூலம் ஒன்று, பிரதி பதினொன்று. பழைய மனுவில் ஓரிடத்தில், ஆசிரியர் பாடசாலை விட்ட பின்னும் நின்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அரும்பணி பற்றி ஒரு வசனம் இருந்தது. அதை மாற்ற வேண்டும். அந்த இடத்துக்கு மனேச்சரைப் பற்றி ஏதாவது நல்லதாக நீயே எழுது என்றார் தலைவர். என் வாழ்நாளில் முதன்முதலாக எனக்குக் கிடைத்த தற்றுணிபு அதிகாரம் அது. நான் எழுதினேன்: ‘இவர் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கே மைதானத்துக்குச் சமுகமளித்து, இருட்டும் வரை அங்கேயே நிற்பவர்.’

கந்தோர் விடும் நேரம் நாலேகால்.

தலைவர் அந்த வரியை இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். முள்ளியவளைக்கு இவரைப் போகவிடவே கூடாது என்ற வசனத்தின் கீழ் அடிக்கோடும் போட்டுத் தபாலில் சேர்த்தோம்.

மூலம் போன இடத்திலிருந்து பதில் வரவில்லை. பதினொரு பிரதிகளில் பத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்தும் பத்துக் கந்தோர்களில் பத்துக் கோப்புகளுக்குள் போய் நித்திரை கொண்டிருக்கும். நானே பிற்காலத்தில் அப்படி எத்தனையோ மனுக்களைத் தாலாட்டியிருக்கிறேன். பதினோராவது, சித்தப்பாவின் கந்தோருக்குப் போயிற்று. அங்கே வரும் தபாலைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கமிட்டு, பொறுப்பதிகாரியின் மேசைக்கு அனுப்புவது இலிகிதரின் வேலை. இலிகிதர் சித்தப்பா.

பிறகு அங்கே நடந்ததை அந்தச் சிற்றூழியர் பல வருடம் கழித்து எனக்குச் சொன்னார். சித்தப்பா கடிதத்தைப் பிரித்தாராம். கையெழுத்தைக் கண்டு சிரித்தாராம். கடைசிவரை வாசித்து, கையெழுத்துகளையும் பெருவிரல் அடையாளங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தாராம். அதற்கு மேல் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு முத்திரை குத்தி இலக்கமிட்டார்.

அந்த ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தால் முடிந்தது கதை. இலக்கம் விழாத கடிதம் வராத கடிதம். பொறுப்பதிகாரியும் பொல்லாதவரல்லர், சித்தப்பா எத்தனை மணிக்கு எழும்பிப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் தெரிந்த விடயம் வேறு, எழுத்தில் வந்த விடயம் வேறு. எழுத்தில் வந்து இலக்கமும் விழுந்தால் விளக்கம் கேட்டே ஆகவேண்டும். கேட்டார். சித்தப்பா ஒற்றை வரியில் பதில் கொடுத்தாராம், மனுவில் சொல்லப்பட்டவை யாவும் உண்மை என்று. மன்னிப்புக் கேட்டு இன்னொரு வரி எழுதும்படி பொறுப்பதிகாரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தும், ஊர்ச்சனம் இவ்வளவு பேர் கையெழுத்து வைத்த காகிதத்தைப் பொய் என்று தான் எழுதமாட்டேன் என்றுவிட்டாராம்.

எனக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான். பின்னேரம் வழமைக்கு மாறாக ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்தவர், கோட்டுக்கு வெளியே நின்ற என்னிடம் சைக்கிளை நிறுத்தினார்.

“மூண்டு மணிக்கே எண்டு எழுதினது ஆர்?”

“நான்தான்” என்றேன். என் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

“நல்ல கையெழுத்து” என்றார். உள்ளே இறங்கிப் போய்ப் பந்தை எடுத்தார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சேவையின் தேவை கருதி இடமாற்றம், உடனடியாக. எங்கே அனுப்புவது என்று பொறுப்பதிகாரி தலையை உடைத்திருக்க வேண்டியதில்லை. வெற்றிடம் ஒன்று இருந்த ஊரின் பெயரை நாங்களே அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தோம். முள்ளியவளை.

ஊருக்குத் துக்கத்தைவிடப் பெருமிதம் கூடிப்போயிற்று. தேத்தண்ணிக் கடையில் கண்டவர்கள் வீடு வீடாகப் போய்த் தாங்கள் அன்றைக்கே சொன்னதை ஞாபகப்படுத்தினார்கள். முள்ளியவளைக்காரரின் கை கந்தோர் வரைக்கும் நீண்டிருக்கிறது என்றார் தலைவர். மனுவை ஒருவரும் சந்தேகப்படவில்லை. கையெழுத்துப் போதாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இடமாற்றத்தை ஏற்றுக்கொள்ளாத தீர்மானம் ஒன்றைக் கழகம் நிறைவேற்றியது. அதன்படி சித்தப்பா கழகத்தை விட்டு விலகவில்லை, லீவில் நிற்கிறார். வேறொருவரையும் அந்த இடத்துக்குப் போடுவதில்லை. அப்படித் தீர்மானிக்க ஒரு கழகத்துக்கு அதிகாரமே இல்லை என்பதை நான் இன்று கழக யாப்பின் சட்ட விதியோடு காட்டுவேன். அன்று கை தட்டினேன்.

அவர் போன நாளன்று விளையாட்டுக்காரர் பதினொரு பேரும் சீருடையோடு றோட்டில் குறுக்கே நின்றார்கள். பஸ் சாரதி கோர்ன் அடித்து ஓய்ந்தார். தலைவர் சாரதியின் பக்கம் போய் அண்ணாந்து சொன்னார்:

“தம்பி, நீர் ஏத்திக்கொண்டு போறது முள்ளியவளையின்ரை மனேச்சரை இல்லை. எங்கடை மனேச்சரை. லீவிலை போறார், எழுதி வைச்சிருக்கிறம். விளங்குதோ?”

சாரதி விளங்குகிறது என்றார். ஆட்கள் வழிவிட்டார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் யன்னல் கம்பியைப் பிடித்தேன்.

“சித்தப்பா, நாங்கள் திருப்பி எழுதுவம். இந்த முறை இன்னும் வடிவா எழுதுவன்.”

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“வேண்டாம் பிள்ளை. இன்னொருக்கா எழுதினால் மன்னாருக்கு அனுப்பிப்போடுவாங்கள்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. பஸ் வெளிக்கிட்டது.

எழுதாதே என்று அவர் என்னைத் தடுத்ததும், மனுத்தான் தன்னை அனுப்பியது என்று யாரிடமும் சொல்லாமல் மூடிவைத்ததும் அந்த ஒரே பேச்சில் இருந்தன. எனக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. சித்தப்பா என்ன சொன்னவர் என்று தலைவர் கேட்டார். மன்னார்க் கழகமும் அவரைக் கேட்கிறதாம் என்றேன்.

தலைவர் சேட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். மன்னாராவது மண்ணாங்கட்டியாவது, பாப்பம் என்றார். கூட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் அங்கேயே நின்றார்கள். கோல்காப்பாளரின் தகப்பன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். யாரோ கடைக்கு ஓடிப்போய் ஒற்றைத் தாள்கள் வாங்கி வந்தார்கள். நான் மதகுக் கட்டில் ஏறியிருந்து, மடியில் பலகையை வைத்து, என் மிக நல்ல கையெழுத்தில் ‘ஐயா’ என்று தொடங்கினேன். பஸ் அப்போது முறிகண்டியைக்கூடத் தாண்டியிருக்காது.