தூண்டில் கழியில் அரக்குச் சிவப்பு

மற்ற பெண்கள் வளையல் கேட்கிற வயதில் என் மகள் தூண்டில் முள் கேட்டாள். இப்போது கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்; வீட்டுக்குப் பின்னால் ஏரி. "அப்பா, உன் கையால ஒரு கழி செஞ்சி குடு" என்று போனில் கேட்டாள். நான் தறிக்காரன், மூங்கில் சீவுவது எனக்குப் பொழுதுபோக்கு. கழி தயாரானது. தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களைக் கழியோடு சேர்த்துக் கட்ட நூல் வேண்டுமே, அவளுடைய முகூர்த்தப் புடவையில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலை எடுத்தேன். அந்தப் புடவையை நெய்தது அவளேதான். மிச்சம் இருந்த நூல் அவ்வளவுதான். நான் சொல்லாமல், பார்த்ததும் அவளே கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கட்டின நூலின்மேல் ஏதாவது பூசாவிட்டால் தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும். வார்னிஷா, இரண்டு ட்யூபைக் கலந்து பூசுகிற பசையா? நல்லவேளை, ஒரு துண்டு மூங்கிலில் கொஞ்சம் சுற்றி, முதலில் அதில் வார்னிஷைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். அட கடவுளே! கண்ணெதிரிலேயே சிவப்பு மறைந்துவிட்டது. சாயம் கரையவில்லை, பிரஷ்ஷில் துளி நிறம் ஒட்டவில்லை. தடவினால் விரலுக்கு நூல் தட்டுப்படுகிறது, பார்த்தால் அடியில் இருக்கிற மூங்கில் தெரிகிறது. ஆயுசு பூராவும் பட்டோடு கிடந்தவன் நான். அதற்குள் இப்படி ஒரு கண்ணாடி இருப்பது எனக்குத் தெரியாது. பசையிலும் இதே கதைதான். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, கழியில் பூசினால் அவள் புடவை நிறமும் இப்படியே போய்விடும்.

வேறு பூச்சு விசாரிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயிண்ட் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். என் மனைவி கழியை மடியில் வைத்து, கட்டுகளுக்கெல்லாம் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள். நெய்வதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீட்டிப் போடுகிற அதே அரிசிக் கஞ்சி.

"இன்னாடி பண்ற?"

"பட்டு பிசிரடிச்சிகினு இருந்துச்சிங்க. கஞ்சி போடாம எப்பிடி வுடறது?"

"அது ஏரிக்குப் போற கழிடி! தறிக்கா போவுது? பேஜார் பண்ணிட்டியே!"

"கத்தாதீங்க. காயட்டும்."

பிரித்துக் கட்ட வேறு நூல் இல்லை. காய்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வளையத்தில் வார்னிஷ் வைத்தேன். சிவப்பு மறையவில்லை. இன்னொரு கோட் அடித்தேன். அப்படியே நின்றது. கஞ்சி நூலை அடைத்துக்கொண்டிருந்ததால் வார்னிஷ் உள்ளே இறங்கவில்லை. சாயத் தொட்டியிலிருந்து தூக்கின அந்த நேரத்து ஈரச் சிவப்பு! சோற்றுக் கஞ்சி செய்கிற வேலையா இது? மற்ற கட்டுகளுக்கும் மளமளவென்று வார்னிஷ் அடித்தேன். அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

கலசப்பாக்கத்தில் மகள் கழியை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் முதல் வளையத்திலேயே நின்றுவிட்டது.

"அப்பா... இது என் பொடவ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வார்னிஷ் அடிச்சும் நெறம் எப்பிடிப்பா போவாம நிக்குது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "உங்கப்பா போட்ட கூச்சல்ல பயந்துகினு அப்பிடியே நின்னுடுச்சி."