மிச்சத்தை அழிக்கவா?

எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் அவனுக்கு டக்கு என்று பெயர். நாற்பதை நெருங்கிய பிறகும் போனில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன். பாட வராது, ஒரு வாத்தியமும் தெரியாது. டேப் கிழிக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம் என்று எதையாவது பதிவு செய்வான். செயலியில் போட்டு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டித் தாளமாக்குவான். "டக்குனு விழணும்ணே, அதான் அழகு" என்று என்னைப் பிடித்து உட்கார வைப்பான். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வராது.

வெட்டுவதில் அவன் பொல்லாதவன். திரையில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஓடும். அதைப் பெரிதாக்கி, அடி எழும் இடத்துக்கு மயிரிழை முன்னால் கோட்டை நிறுத்துவான். நடுவில் ஓர் இருமலோ பேச்சோ விழுந்தால் சாம்பிள் சத்தம் கெட்டுப்போச்சு என்று புலம்புவான். போனோ பழசு, எந்நேரமும் நிரம்பி வழியும். வெட்டியதும் மிச்சத்தை அழிக்கவா என்று செயலி கேட்கும். யோசிக்காமல் ஆமாம் என்று தட்டுவான்.

அட்டையை அடித்து வெட்டும் பஞ்சிங் மெஷினை ஓட்டியவர் அவன் அக்கா புருஷன். இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மெஷினுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஒரு நாள் காலை அந்த மெஷின் விழும் அடியைப் பதிவு செய்ய டக்கு போனைப் பக்கத்தில் வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார்.

"சும்மா சும்மா நிக்குது. கம்பியைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு. நான் பாத்துக்கறேன்."

அடுத்த மேஜையில் பெட்டிகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது நன்றாகவே கேட்டது. அக்கா புருஷன் கம்பியைக் கழற்றினார். ஒன்பதாம் நாள் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

கம்பியை ஆபரேட்டரே கழற்றினார், தப்பு அவர் மேல்தான், வைத்தியத்துக்கோ பிழைப்புக்கோ எதுவும் தருவதற்கில்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாப்ளே, அன்னைக்கு நீ போன் வச்சிருந்தியே. அவர் சொன்னது அதுல விழுந்திருக்கும்ல?"

டக்குவின் முகத்தில் ஈயாடவில்லை. நான்கு நிமிடப் பதிவில் மிஞ்சியது ஒரு நொடிகூட இல்லை. மெஷின் விழும் ஒரே ஓர் அடி. இரண்டு போன் கடைகளுக்கு ஓடினான். போனது போனதுதான் என்றுவிட்டார்கள்.

ஆனாலும் அவன் ஒளியவில்லை. விசாரணை அறையில் எழுந்து நின்று சூப்பர்வைசர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அதெப்படி இவ்வளவு சரியா ஞாபகம் இருக்கு?"

"வெட்டுற இடம் பிடிக்க முப்பது தடவையாவது கேட்டிருப்பேன் சார்."

"அந்தப் பதிவு எங்க?"

"நானே அழிச்சுட்டேன் சார். பேச்சு விழுந்து சத்தம் கெட்டுப்போச்சுன்னு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் நாசமாய்ப் போக. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வேறு வேலையும் தெரியாது. மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். தப்பு ஆபரேட்டர் மேல் என்று எழுதி முடித்தார்கள்.

வெளியே வராந்தாவில் எல்லாவற்றையும் கேட்டபடி அவன் அக்கா நின்றிருந்தாள். அழவில்லை, கத்தவுமில்லை.

"முப்பது தடவை கேட்டேன்னியே, எப்படா கேட்ட?"

"பதிவு பண்ண அன்னைக்கே. வீட்டுக்கு வர்றப்ப, பஸ்ல."

"அப்போ அவருக்குக் கை இருந்துச்சு. அதுக்கப்புறமும் எட்டு நாள் இருந்துச்சு. முப்பதுல ஒரு தடவையாவது, அந்தக் கம்பியை மாட்டுங்க மாமான்னு சொல்லணும்னு உனக்குத் தோணலையாடா?"

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? நிஜமாவே கேக்கலையாண்ணே?"

டக்கு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"கேக்கலைம்மா" என்றேன், இரண்டாவது தடவையாக.